நம் நாட்காட்டியில் எழுத வேண்டிய நாள்கள்

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும், இராகு காலமும் எமகண்டமும், முகூர்த்த நாளும் கரிநாளும் தவறாமல் அச்சிடப்படுகின்றன. பெரியோர் பிறந்த நாள்களும் மறைந்த நாள்களும் ஆங்காங்கே காணப்படுகின்றன. அவற்றுள் நம்மவர்க்குரிய நாள்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்களுக்குள்ளேயே எண்ணிக்கை முடிந்துவிடுகின்றது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அந்நாள்கள் யாவை, அவற்றை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் பாட்டன்மார்க்கும் பாட்டிமார்க்கும் பிறந்த நாள் என்று ஒன்று கிடையாது. பிறக்காமல் இல்லை, எழுதுவார் இல்லை. சோதிடர் நம் தெருவுக்குள் வந்து சாதகம் கணித்ததில்லை. ‘தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை’ என்று அந்நாளைய முதியோர் தம் அகவையைக் கூறினர். 1876இல் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சமே அது. பின் வந்தோர் ஒரு புயலை, ஒரு வெள்ளத்தை, வைகை அணை திறந்த ஆண்டைச் சொல்லி வயதைக் கணக்கிட்டனர். அவ்வணை திறக்கப்பட்டது 1959இல் என்பதால் நமக்கு ஓர் ஆண்டாவது உறுதியாகக் கிடைக்கின்றது.

நாளும் திங்களும் நமக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தில்தான். வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடச் செவியைத் தொட முடிந்தால் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு, ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டில் தாமே ஒரு நாளை எழுதுவார். பள்ளி திறப்பது ஜூன் திங்களாதலின், பெரும்பாலும் அத்திங்களிலேயே ஒரு நாள் குறிக்கப்படும். இன்று நம்மிடையே அறுபதும் எழுபதும் கடந்தோரின் சான்றிதழ்களை ஒருங்கே பார்த்தால், ஊரில் பாதிப்பேர் ஜூன் திங்களில் பிறந்தவராகவே தோன்றும்! இது நகைப்பிற்குரியதன்று. எழுத்தறிந்த ஒருவர் நம் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு தேதியை எழுதியது அதுவே முதன்முறை.

எழுத்துப் பெற்றோர் யார், பெறாதோர் யார் என்பதற்கு நம் திருப்பரங்குன்றமே சான்று பகரும். குன்றின் வடபுறத்துக் குடைவரை பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது, அவனது ஆறாம் ஆட்சியாண்டுக்குரியது, அஃதாவது கி.பி. 773 அளவினது. அவன் படைத்தலைவன் சாத்தன் கணபதி செய்வித்த பணியும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்த செய்தியும் அங்குள்ள கல்வெட்டால் அறியப்படுகின்றன. செய்வித்தோர் பெயரும் ஆண்டும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. உளி பிடித்துப் பாறையைக் குடைந்தோர் பெயர் அக்கல்லில் இல்லை. வரலாறு இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது.

இந்நிலையை மாற்ற முற்பட்ட முன்னோடிகள் தம் மக்களுக்காக அச்சுக்கூடத்தை நாடியது தற்செயலன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1845 மே 20இல் பிறந்து 1914 மே 5இல் மறைந்தவர். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை 1907 ஜூன் 19இல் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசனார் தம் இனப்பெயரையே இதழின் பெயராக்கிப் ‘பறையன்’ என்னும் ஏட்டினை வெளியிட்டார். எப்பெயரைச் சொல்லி இழித்தனரோ, அப்பெயரையே முகப்பில் அச்சிட்ட துணிவு எண்ணி வியத்தற்குரியது.

ஜூன் திங்களைப் பற்றிக் கூறினோம். எம். சி. இராஜா பிறந்தது 1883 ஜூன் 17. கக்கன் அவர்களின் பிறந்த நாள் ஜூன் 18. ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது ஜூன் 19. மூன்று நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மூன்றும் பள்ளி திறந்து புத்தகங்கள் புதிதாக மணக்கும் வேளையில் வருவன. மாறாக, அயோத்திதாசரின் இரு நாள்களும் கோடை விடுமுறையில் அகப்பட்டுக்கொள்வதால் எப்பள்ளியிலும் விழா எடுப்பாரில்லை. சுவாமி சகஜானந்தரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கண்ட அப்பெரியார் 1890 ஜனவரி 27இல் பிறந்தவர். குடியரசு நாள் கொண்டாடிக் களைத்த பள்ளி மறுநாள் அவரை நினைப்பதில்லை. அவர் மறைந்த நாளோ 1959 மே 1. அது தொழிலாளர் நாளில் மறைந்துவிடுகின்றது. சென்னை மாநகர மேயராகவும், அண்ணல் அம்பேத்கருடன் தோளோடு தோள் நின்ற தலைவராகவும் விளங்கிய ந. சிவராஜ் பிறந்ததும் செப்டம்பர் 29, மறைந்ததும் செப்டம்பர் 29. முன்னது 1892, பின்னது 1964. ஒரே நாளில் இரண்டையும் நினைத்துவிடலாம். நினைப்பாரைத்தான் தேட வேண்டியுள்ளது.

இனி, மதுரை மண்ணுக்கே உரிய நாளுக்கு வருவோம். இரட்டைமலை சீனிவாசனார் பிறந்த நாளாகிய ஜூலை 7க்கு மறுநாள் அது. 1939 ஜூலை 8, சனிக்கிழமை. அன்று காலை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சிறு குழு நுழைந்தது. தலைமை தாங்கியவர் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர். அவர் தமிழ்நாடு அரிசன சேவா சங்கத்தின் தலைவர். உடன் சென்றோர் கக்கன், சுவாமி முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகியோரும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த சண்முக நாடாரும் ஆவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார்.

அந்நாளின் பின்னணி நீண்டது. கமுதிக் கோயிலில் 1897இல் நுழைந்த நாடார் பெருமக்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. எனவே 1939இல் கோயிலுக்குள் கால் வைப்பது வெறும் வழிபாட்டுச் செய்தியன்று. சிறைக்கும் தண்டத்திற்கும் துணிந்த செயல். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களை ஓர் ஆணையால் திறந்துவிட்டார். மதுரையிலோ மன்னரும் இல்லை, ஆணையும் இல்லை; சட்டம் பின்னர்த்தான் வந்தது. முதலமைச்சர் இராஜாஜியின் அரசு, நுழைந்தோரையும் நுழைய விட்டோரையும் வழக்குகளினின்று காக்கும் சட்டத்தை அவ்வாண்டிலேயே இயற்றிற்று. அவ்வரசும் அக்டோபரில் பதவி துறந்தது. மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் உரிமையாகத் திறந்துவிட்ட சட்டம் 1947இல் வந்தது. அதன் பின்னரே நம் குன்றத்துக் கோயிலும் யாருடைய இரக்கத்தையும் வேண்டாது சட்டப்படி நமக்குரியதாயிற்று.

உள்ளே சென்ற பின்னர் நேர்ந்தவற்றையும் மறத்தலாகாது. பட்டர்களுள் சிலர் பூசை செய்ய மறுத்து விலகினர். தீட்டுப்பட்ட கோயிலில் அம்மன் தங்கமாட்டாள் எனக் கூறி, தனியே ஓர் இல்லத்தில் மீனாட்சியை எழுந்தருளச் செய்து வழிபட்டோரும் உண்டு. நாம் தொட்டால் ஓடிவிடும் தெய்வம் என்று அம்மையை இழிவுபடுத்தியோர் யார் என்பதை வாசகர் பெருமக்களே எண்ணிப் பார்ப்பாராக. கதவு திறக்கும்வரை அக்கோயிலுள் செல்லாதிருந்த காந்தியடிகள் 1946இல் வந்து வழிபட்டார்.

வைத்தியநாத ஐயரின் தொண்டு பெரிது. தம் சாதியாரின் பகையைத் தாமே வலிந்து தேடிக்கொண்டவர் அவர். 1955 பிப்ரவரி 23இல் அவர் மறைந்தார்; தீண்டாமையைக் குற்றமாக்கிய நடுவண் அரசின் சட்டம் நடைமுறைக்கு வந்த அவ்வாண்டு ஜூன் 1ஐக் காண அவர் இல்லை. அவரைப் போற்றுவதில் நமக்குத் தயக்கம் சிறிதும் இல்லை. ஆயினும், ‘ஐயர் அரிசனங்களை அழைத்துச் சென்றார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அழைத்துச் சென்றவர் ஒருவர், சென்றவர் ஐவர். மாலையில் தத்தம் சேரிக்குத் திரும்பிச் செல்ல வேண்டியிருந்தவர்கள் இவ்வைவரே. ஆண்டையின் நிலத்தில் கூலி, ஊர்ப் பொதுக் கிணறு, கடைத்தெரு என எத்திசையில் திரும்பினும் பழிவாங்கும் கைகள் அவர்கள் இனத்தாரைச் சூழ்ந்திருந்தன. கக்கன் ஒருவர் பெயரே நாடறிந்தது. ஏனைய நால்வர்க்கு விழாவும் இல்லை, நாட்காட்டியில் இடமும் இல்லை. நம் பிள்ளைகள் ஜூலை 8ஐப் படிக்கும்போது ஐந்து பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

கக்கன் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிற் பிறந்தவர். கோயில் நுழைவுக்கு ஏழாண்டுகளின் பின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அச்சபையில்தான் 1948 நவம்பர் 29ஆம் நாள் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு ஏற்கப்பட்டது. இன்றைய அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு அதுவே. வைகை அணை திறக்கப்பட்ட காலத்தில் அவர் பொதுப்பணித்துறை அமைச்சர். அமைச்சுப் பதவி நீங்கிய பின் மதுரை அரசு மருத்துவமனையில் பொதுப் பிரிவில் படுத்திருந்த எளிமையை நாடு அறியும். 1981 டிசம்பர் 23இல் மறைந்தார். எளிமையைப் புகழ்வோர் அவரது ஆட்சித் திறனைப் பேசுவதில்லை என்பது நம் நெடுநாளைய குறை.

நாள்கள் சில ஒன்றோடொன்று வந்து மோதுவதும் உண்டு. மனுநூலை அம்பேத்கர் மகாடில் எரியூட்டியது 1927 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்ட நாற்பத்து நான்கு உயிர்கள் எரிந்தது 1968 டிசம்பர் 25. முன்னதில் எரிந்தது ஏடு. பின்னதில் எரிந்தோர் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இரண்டிற்கும் இடையே விதியின் கை ஏதும் இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

செப்டம்பர் 11ம் அத்தகையதே. தீண்டாமைக்கு எதிராக முதுகுளத்தூர், பரமக்குடிப் பகுதிகளில் மக்களைத் திரட்டிய இமானுவேல் சேகரன், அமைதிப் பேச்சுக்கு அழைக்கப்பட்டு வந்த மறுநாளே, 1957 செப்டம்பர் 11 இரவில் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பிறந்தது 1924 அக்டோபர் 9. முப்பத்து மூன்று அகவையும் நிறையவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது 1989 செப்டம்பர் 11. அவர் நினைவிடத்திற்கு மக்கள் திரண்ட 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் மேலும் உயிர்கள் மாண்டன. நினைவு நாளே புதிய நினைவு நாளாயிற்று.

அம்பேத்கர் தம் நாளைத் தாமே தெரிந்துகொண்டவர். நாகபுரியில் பௌத்தம் தழுவ அவர் குறித்த 1956 அக்டோபர் 14, விசயதசமி நாள். அசோக மன்னனோடு இணைத்துப் பேசப்படும் நாள். அதனால் அங்கு மக்கள் தேதியைக் கொண்டும் திதியைக் கொண்டும் இருமுறை கூடுகின்றனர். அவர் பிறந்த ஏப்ரல் 14, தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாளோடு சேர்ந்தே வருவது; நாட்காட்டியில் புத்தாண்டின் சிவப்பு எழுத்தே பெரிதாக நிற்கும். 2022 முதல் அதனைச் சமத்துவ நாள் என அரசு கடைப்பிடிக்கின்றது.

மதுரை மாவட்டத்தின் பிற்கால நாள்களும் உள்ளன, இனியவை அல்ல. கக்கன் பிறந்த அதே மேலூர் வட்டாரத்தில், கோயில் நுழைவுக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நிறைய எட்டே நாள் இருக்கையில், 1997 ஜூன் 30இல், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் கொல்லப்பட்டனர். பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது என்பதொன்றே காரணம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் இத்தேர்தலே நிலைகொள்ளவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாக நடந்தது. உத்தப்புரத்தில் நம் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6. 2021 அக்டோபர் 2இல் பாப்பாபட்டியில் கூடிய கிராம சபையில் முதலமைச்சரே வந்தமர்ந்தார்.

இவையெல்லாம் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் ஏறிய நாள்கள். ஏறாதவை எத்துணையோ உள. திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த நம் ஊர்களில், தேநீர்க் கடையில் தனிக் குவளை ஒழிந்த நாள் எது? பொதுக் குழாயில் நம் பெண்கள் வரிசையில் நின்று நீர் பிடித்த முதல் நாள் எது? ஊரின் முதற் பட்டதாரி பட்டம் பெற்றது எந்நாள்? இவற்றை அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்று வருகின்றனர். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் உள்ள மூத்தோரிடம் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து கேட்டு, ஊர்ப் பெயர், ஆண்டு, திங்கள், கூறியவர் பெயர் ஆகியவற்றுடன் எழுதிச் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். நாள் தெரியவில்லையெனில், எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின் என்று எழுதினாலும் போதும். அதைக் கொண்டு தேதியைக் கண்டுபிடிக்கும் வேலையை நாம் பார்த்துக்கொள்கின்றோம்.