தோட்டாக் கணக்கு

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்று ஓர் ஊர். அங்கிருந்த வெள்ளைக்காரனின் படைக்கலக் கிடங்கில் கூலிவேலை பார்த்த ஒருவர் 1857 ஜனவரியில் ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பு தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுத்தான். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைச் சீக்கிரமே நீ பல்லால் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்று அவர் திருப்பிக் கேட்டதாக அதிகாரிகளின் அறிக்கை சொல்கிறது. அறிக்கையில் அவருக்குப் பெயர் இல்லை. 'கலாசி' என்ற வேலைப்பெயரும் கீழ்ச்சாதி என்ற குறிப்பும்தான் இருக்கின்றன. வடநாட்டுத் தலித்துகள் அவரை மாதாதீன் பங்கி என்று அழைத்துக் கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குக் கொழுப்பின் கதையைச் சொல்லித் தந்தார்கள். தண்ணீரின் கதையை விட்டுவிட்டார்கள்.

யார் கையில் எந்தத் தோட்டா இருக்கலாம் என்ற கேள்வி அந்தக் கலகத்தோடு அரசுக்குத் தலையாய கேள்வியாகிவிட்டது. இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் இருந்த வரிப்பள்ளத்தை வழித்து வழுவழுப்பாக்கினார்கள். குறி தூரம் போகாது, திருப்பிச் சுட்டாலும் வெள்ளையனுக்குப் பயமில்லை. 1861இல் போலீஸ் சட்டம் வந்தது. போலீசுக்கும் வழுவழுப்புக் குழல்தான். இந்தப் போலீசுக்கு முன்மாதிரி லண்டன் தெருவில் தடியோடு நடந்த போலீஸ் கிடையாது, அயர்லாந்துக் குடியானவனை அடக்க வைத்திருந்த ஆயுதப் போலீஸ். அங்கே 1880 வாக்கில் மந்திரியாக இருந்த ஃபார்ஸ்டர் என்பவர், ஒற்றைக் குண்டைவிடச் சில்லுக்குண்டு மனிதாபிமானமானது என்று சொல்லிப் போலீசின் சில்லுக்குண்டுக்கு வக்காலத்து வாங்கினார். ஐரிஷ்காரர்கள் அவருக்குச் 'சில்லுக்குண்டு ஃபார்ஸ்டர்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள். கருணை என்ற சொல் தோட்டாவோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 2010க்குப் பிறகு காஷ்மீரில் உயிருக்கு ஆபத்தில்லாதது என்று சொல்லி இறக்கிய பெல்லட் குண்டு, 2016இல் நூற்றுக்கணக்கான பேரின் கண்ணைச் சிதைத்தது. அதுவும் இதே வம்சந்தான்.

மறுபடி டம்டமுக்கு வருவோம். 1895இல் சித்ரால் சண்டையில் புதிய .303 குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழாமல் மேலே வருகிறான் என்று குறை சொன்னார்கள். டம்டம் ஆலையின் அதிகாரி பெர்ட்டி-கிளே, குண்டின் மூக்கில் உறையை விலக்கி ஈயத்தை வெளியே விட்டார். உடம்புக்குள் போனதும் அது பூவாக விரியும், சதையையும் எலும்பையும் சேர்த்துக் கிழிக்கும். 1899இல் ஹேக் மாநாட்டில் இதைத் தடை செய்யப் பேச்சு வந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி ஆர்டா எதிர்த்தார். நாகரிகமடைந்த சிப்பாய் ஒரு குண்டு பட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி ஒதுங்கமாட்டான் என்பது அவர் வாதம். தடை வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்களுக்குள் செய்யும் போருக்கு மட்டுந்தான் அது செல்லும். காலனி மக்கள்மீது சுட, சொந்தக் குடிமக்கள்மீது சுட, எந்தத் தடையும் இல்லை. பிரிட்டன் 1907இல்தான் ஒப்புக்கொண்டது. 1910இல் வந்த ஏழாம் மார்க் குண்டுக்கு முழு உறை உண்டு, சட்டப்படி குற்றமில்லை. மூக்குப் பகுதியில் மட்டும் ஈயத்துக்குப் பதிலாக எடைகுறைந்த அலுமினியத்தை வைத்தார்கள். வால் கனத்து, உடம்புக்குள் குண்டு குட்டிக்கரணம் போடும்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ராணுவம் சுட்டது இந்த .303 ரகத் துப்பாக்கியால்தான். சுட்டது 1650 ரவுண்டு. இந்த எண் எப்படித் தெரியும்? காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணியிருக்கிறார்கள். செத்தவர்கள் 379 என்றது அரசு, ஆயிரத்தை ஒட்டி என்றது காங்கிரஸ். நூறு வருஷம் கழிந்தும் அந்த எண் முடிவாகவில்லை. தோட்டாவின் எண்ணில் யாருக்கும் சந்தேகமில்லை.

எங்க பெரியப்பா ஆயுதப்படைப் போலீசில் இருந்தவர். அறுபதுகளில் அவர் கையில் கொடுத்தது .410 மஸ்கட்டு. .303 ரைபிளை இஷாப்பூர் ஆலையில் குடைந்து, வரிப்பள்ளத்தை எடுத்து, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி செய்தது அது. ராணுவத் தோட்டா அதற்கானதில்லை. தொலைந்தாலும் எதிரிக்கு லாபமில்லை. 1857இன் பயம் அந்த மரக்கட்டையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "தோளு செவந்துரும்டா. ஆனா அத விடப் பெரிய தொந்தரவு காலிக் கேஸு. பயிற்சில ஒரு கேஸு காணலைன்னா விடிய விடிய லாந்தர வச்சுக்கிட்டு மண்ண சலிக்கணும்" என்பார். ஊருக்கும் சேரிக்கும் சண்டை என்றால் லாரி ஊர்ப்பக்கம்தான் நிற்குமாம். டீ, சாப்பாடு எல்லாம் அங்கேயிருந்து வரும். துப்பாக்கி சேரியைப் பார்த்தபடி இருக்கும். "நா என்ன சாதின்னு தெரிஞ்சே என்னிய முன்னால நிறுத்துவாங்க" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் பேசவில்லை.

பிறகு ராணுவம் எஸ்.எல்.ஆருக்கு மாறியபோது .303 போலீசுக்கு இறங்கியது. ராணுவம் இன்சாஸுக்குப் போனபோது எஸ்.எல்.ஆரும் இறங்கியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303க்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். ரோந்துக்கு எது பொருத்தம் என்று பார்த்து எடுத்ததில்லை இவை, பட்டாளம் உடுத்திக் கழித்தவை. அமெரிக்காவில் 1986 மியாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஜெலட்டின் கட்டியில் குண்டைச் சுட்டு அளக்கத் தொடங்கியது. பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பதினெட்டைத் தாண்டக்கூடாது. துணி, பலகை, கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால் வைத்துப் பார்த்தார்கள். 1997க்குப் பிறகு அங்கே ரோந்துக் கார்களில் ரைபிள் பரவலாக ஏறியபோது, விரியும் குண்டை விரும்பி எடுத்தார்கள். போரில் விலக்கப்பட்ட அதே ரகம். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைமீது படக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்கள் போலீஸ் கறுப்பர்களை எப்படிச் சுடுகிறது என்பது நமக்குத் தெரியும், அதனால் இதை ரொம்பவும் மெச்ச வேண்டாம். ஆனாலும் சுவருக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை ஒரு சோதனைச்சாலையாவது கேட்டிருக்கிறது. எஸ்.எல்.ஆர். குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்குமேல் போவது. கீற்றுக் குடிசை அதற்கு எம்மாத்திரம்? ஓர் உடம்பைத் துளைத்த பிறகும் அடுத்த உடம்புக்கு அதில் வேகம் மிச்சமிருக்கும்.

நமது காவல் நிலை ஆணைகள் முதலில் எச்சரிக்கச் சொல்கின்றன, தாழக் குறிவைக்கச் சொல்கின்றன. 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டது, நம் மக்கள் ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த சம்பத் கமிஷன் சுட்டது தவிர்க்க முடியாதது என்றது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர். அங்கே விசாரித்த அருணா ஜெகதீசன் கமிஷன், ஓடியவர்களைச் சுட்டதாகவும் ஒரே போலீஸ்காரர் மட்டும் 17 ரவுண்டு சுட்டதாகவும் எழுதியது. பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், அந்தப் பதினேழு காலிக் கேஸையும் யார் குனிந்து பொறுக்கினார்கள் என்று கேட்டிருப்பார்.