நாவலர் கூப்பிட்ட யூத சாட்சி

யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் எழுதிய துண்டுப் பிரசுரங்களில் உலகம் மதப் பெட்டிகளாகப் பிரிந்து கிடந்தது; அதில் ஒரு பெட்டிக்குப் பேர் 'அஞ்ஞானிகள்'. சைவர்கள் அந்தப் பெட்டிக்குள். விளக்கு, தூபம், அபிஷேகம் எல்லாமே கல்லுக்குச் செய்கிற மூடத்தனம் என்று பேசினார்கள்.

1854இல் ஆறுமுக நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது, பதில் சொல்ல அவர்களுடைய புத்தகத்தையே திறந்தார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவராச்சே, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கென்று அவருக்குத் தெரியும். யூதருக்குக் கூடாரமும் பெட்டியும் விளக்கும் தூபமும் வைக்கச் சொன்னது அதே கர்த்தர்தானே? பெட்டிக்கு மேலே பொன்னால் கேருபீன்களைச் செய்யச் சொன்னதும் அவர்தானே? யாத்திராகமத்தை எடுத்துப் பாருங்கள், தமிழ் பைபிளில் அந்த விளக்குக்குப் பேரே 'குத்துவிளக்கு'!

அதெல்லாம் கிறிஸ்து வரும்வரைக்கும்தான், பிறகு தேவையில்லை என்பது மிஷனரிகளின் பதில். சரி, ஆனால் ஒரு காலத்தில் கடவுளே கேட்டு வாங்கிய தூபம், இன்னொரு ஊரில் மட்டும் எப்படி மூடத்தனமாகும்? இந்த இடத்தில் நாவலரை அசைக்க முடியாதென்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் சாட்சியை முழுசாக விசாரித்தால் சிக்கல் வருகிறது. முதலாவது, விக்கிரகம் கூடாது என்று முதலில் சொன்னவர்களே யூதர்கள். நாவலர் கூப்பிட்டது பைபிளுக்குள் இருக்கிற யூதரைத்தான். அடுத்தது எனக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிற விஷயம். எருசலேம் ஆலயத்தில் ஆடும் மாடும் பலியாகின, இரத்தத்தைப் பீடத்தில் தெளித்தார்கள். நாவலரோ கோயில்களில் ஆடு, கோழி வெட்டுவதைக் கடுமையாக எதிர்த்தவர். கண்ணகி வழிபாட்டையும் அவர் சைவமாக ஏற்கவில்லை. ஆக, மிஷனரிகள் நமக்கு ஒட்டிய 'அஞ்ஞானி' லேபலை அவர் கிழித்துப் போடவில்லை, கீழே இருந்தவர்களுக்கு மாற்றி ஒட்டிவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு மேலே மாடசாமி இருக்கிறார். வருசத்துக்கு ஒருக்கா கெடா வெட்டு. கம்பஸுக்கு வந்த புதிதில் அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். நாவலரின் வாதத்தை அப்படியே நீட்டினால், நல்லூரைவிட எங்கள் மாடசாமிதான் எருசலேமுக்குக் கிட்ட வருகிறார். அப்பாயியிடம் சொன்னேன். "அவங்களும் கெடா வெட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டது.

கண்ணகி கதை வேறு. கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே அவளுக்குத் தேவாலயம் இருக்கிறது. பத்தினி என்ற பேரில் ஒவ்வொரு வருசமும் எசல பெரஹராவில் போகிறாள்.