காரைக்குடியும் கைக்கருவி பாட்டரியும்

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கலையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர், 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா அடுக்கிய உலோகத் தகடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் காரைக்குடியிலிருந்து தொடங்குகிறேன். 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் பண்டித நேரு அவ்வூரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். வானம் பார்த்த செட்டிநாட்டுச் சீமைக்கு இத்தகைய நிலையம் எவ்வாறு வந்தது? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார், அதனால் வந்தது. 1953 ஜனவரி 14இல், தைப் பிறப்பை ஒட்டி, அந்நாளைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

அந்நிலையத்தின் மதிலுக்கு வெளியே, பழைய வளவுகளின் தேக்குக் கதவுகளைப் பழுது பார்க்கும் தச்சர்களை நான் கண்டிருக்கிறேன். உளியும் இழைப்புளியும் இருந்த பையில் இப்போது கம்பியில்லாத துளைக்கருவியும் இருக்கிறது. அத்தகைய கருவி 1961இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி; கனம் மிகுதி, உழைப்பு குறைவு. இன்று அந்த இடத்தை லித்தியம்-அயனி பாட்டரி பிடித்துக்கொண்டது. 18 வோல்ட் என்று எழுதிய பெட்டியைத் திறந்தால் 3.6 வோல்ட் மின்கலங்கள் ஐந்து தொடராக நிற்கும். (திறக்க வேண்டாம்; நான் சொல்வதை நம்பினால் போதும்.)

லித்தியம் உலோகங்களில் மிக இலேசானது. எலக்ட்ரானைக் கைவிட மிகவும் துடிப்பது. அதன் ஆற்றலுக்கும் ஆபத்துக்கும் இந்தத் துடிப்பே காரணம். 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் விட்டிங்காம் லித்தியம் உலோகத்தைக் கொண்டு மின்கலம் செய்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றியபோது உலோகம் ஊசி ஊசியாய் வளர்ந்து எதிர்த் தகட்டைத் தொட்டது; தீ மூண்டது. பலமுறை வந்து அலுத்துப்போன தீயணைப்புப் படையினர், இனி லித்தியத் தீயை அணைக்கும் விசேஷ இரசாயனங்களுக்கு ஆய்வுக்கூடமே விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்களாம்! 1980இல் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985இல் ஜப்பானியரான யோஷினோ லித்தியம் உலோகத்தையே விலக்கிவிட்டு, அயனிகள் மட்டும் கரியினுள் புகுந்து வெளிவருமாறு அமைத்தார். பின்னர் அவர் தம் பாட்டரியின் மேல் பெரிய இரும்புக் கட்டியைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. லித்தியம் உலோக பாட்டரியின் மேல் போட்டபோது அது சீறி வெடித்தது. இந்தச் சோதனைக்குப் பின்னரே 1991இல் சோனி நிறுவனம் அதனைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிட்டியது. அதற்கு முந்திய ஆண்டு, 2018இல், காரைக்குடி நிலையத்தார் உருவாக்கிய உள்நாட்டு லித்தியம்-அயனித் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்திற்கு வழங்க ஒப்பந்தம் செய்தனர்.

ஆபத்து முற்றும் நீங்கிவிட்டதா? இல்லை. இரு தகடுகளையும் பிரிப்பது மயிரிழையினும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. நனைத்திருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். கலம் நசுங்கினாலோ, அளவு மீறி மின்னேற்றினாலோ, வெப்பம் மிஞ்சினாலோ அந்த ஏடு உருகும். ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைத் தூண்ட, ஐந்தும் எரியும். குளிர்நாட்டார்க்கு 0 பாகைக்குக் கீழ் மின்னேற்றலாகாது என்ற கவலை உண்டு, அப்போது பழைய உலோக ஊசிகள் திரும்பி வரும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியும், ஓட்டுக் கொட்டகையின் தகிப்பும்.

ஆகவே வேலை முடிந்த சூட்டில் மின்னேற்றாது ஆறவிட்டு, அதற்கென வந்த சார்ஜரில் மட்டும், கண்பார்வையில் மின்னேற்ற வேண்டும். நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றி, நிழலான உலர்ந்த இடத்தில் வைப்பது நலம். ஆணியும் திருகும் கிடக்கும் பெட்டியில் போடலாகாது. இரு முனைகளையும் ஓர் ஆணி இணைத்துவிட்டால் போதும். உப்பிய பாட்டரியைக் குத்திப் பார்ப்பது தீக்குச்சி கிழிப்பதற்கு ஒப்பு. 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் இவ்வகை பாட்டரிகளைப் பயணிகள் விமானச் சரக்கில் ஏற்றலாகாது என்று சர்வதேச விதி வந்தது. சரக்கு விமானங்களிலும் முப்பது விழுக்காட்டுக்கு மேல் மின்னேறியிருத்தல் கூடாது.

ஓய்ந்த பாட்டரியின் கதிதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஈய-அமில பாட்டரியை யாரும் குப்பையில் எறிவதில்லை. ஈயத்துக்கு விலையுண்டு, பழைய இரும்புக் கடைக்காரர் வீடு தேடி வந்து வாங்குவார். 2001இல் மத்திய அரசு வகுத்த பாட்டரி விதிகளும் ஈயத்தையே கருதின. கைக்கருவி பாட்டரியைக் கேட்பாரில்லை. அது குப்பை லாரியில் ஏறி, நசுங்கி, மிச்சமிருந்த மின்சாரத்தால் தீயாகிறது. கோபால்ட், நிக்கல் போன்ற அரிய பொருள்களும் சாம்பலாகின்றன. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் லித்தியத்தையும் சேர்த்து, திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, விற்ற கடையிலோ மின்கழிவு சேகரிப்பு நிலையத்திலோ கொடுக்கலாம். உங்கள் வீட்டில் அத்தகைய கருவி இருப்பின், பாட்டரியின் அடிப்புறத்தைப் பாருங்கள். குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டியின் படம் ஒன்று சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும்.