வெறிச்சோடிய பொதியில்: ஆர்குட் சமூகத்தின் எழுச்சியும் மறைவும்

2004 ஜனவரியில் கூகுள் நிறுவனம் ஆர்குட் தளத்தைத் தொடங்கியது. அதை உருவாக்கிய துருக்கியப் பொறியாளர் ஆர்குட் புயூக்கோக்டனின் பெயரே தளத்துக்கும் அமைந்தது. உறுப்பினர் ஒருவரின் அழைப்பின்றித் தொடக்கத்தில் எவரும் உள்ளே நுழைய இயலாது. அமெரிக்காவில் பிறந்த அந்தப் பிள்ளையைச் சீராட்டி வளர்த்தவர்கள் பிரேசில் நாட்டினரும் இந்தியருமே. 2008இல் அதன் நிர்வாகமே பிரேசிலுக்கு மாற்றப்பட்டது.

ஆர்குட்டின் தனிச்சிறப்புகளுள் ஒன்று, நண்பரைப் பாராட்டி எழுதும் நற்சான்று. நம் புலவர் மரபின் சாற்றுக்கவியை நினைவூட்டுவது அது. பெற்றவர் ஒப்புதல் அளித்த பின்னரே பிறர் பார்வைக்கு வரும். பிரேசிலியர் இவ்விதியிலேயே ஓர் உபாயம் கண்டனர். அந்தரங்கச் செய்தியை நற்சான்றாக எழுதி, 'ஏற்க வேண்டாம்' என்று குறிப்பிட்டு அனுப்பினர். நிறுவனம் எண்ணிப்பாராத ஒரு வழக்கத்தை மக்கள் தாமே படைத்துக்கொண்டனர். ஒரு சமூகம் உயிரோடிருப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனினும் போலிக் கணக்குகளும் விளம்பரக் குப்பைகளும் பெருகின. 2010இல் இந்தியாவிலும், ஓராண்டு கழித்துப் பிரேசிலிலும் ஃபேஸ்புக் முந்திச் சென்றது. நண்பர் போன இடத்துக்கு நண்பர் போவது இயல்பு. பத்துப் பேர் போனால் எஞ்சியவர்க்கும் பேச்சுத் துணை குறைகிறது. அப்படியும் போகாதவர்கள் இருந்தனர். குழுமங்களில் ஆண்டுக்கணக்கில் நடத்திய உரையாடல்களை விட்டுப் பிரிய அவர்களுக்கு மனமில்லை.

2014 ஜூன் 30 அன்று மூடல் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 30 அன்று தளம் மூடப்பட்டது. பொதுக் குழுமங்களின் பதிவுகள் சிறிது காலம் காப்பகமாக விளங்கின. பின்னர் அதுவும் அகற்றப்பட்டது. படங்களைக் கூகுள் பிளஸுக்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது. ஆனால் அந்தத் தளமும் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நம்பிக் குடிபெயர்ந்தவர்கள் இரண்டாம் முறையும் வீடிழந்தனர்.

அகநானூற்றில் மக்கள் கைவிட்டுப்போன பொதியில்களைக் காண்கிறோம். அங்கே பாழ்பட்ட சுவராவது நிற்கிறது. வழிப்போக்கன் அதைக் கண்டு ஊர் இருந்ததை அறிகிறான். ஆர்குட்டின் சுவரோ ஊராருடையதன்று. மக்கள் எழுதினார்கள்; எழுதியதைக் காக்கவும் அழிக்கவும் உரிமை பெற்றிருந்தது நிறுவனம். இன்று நாம் கூடிப் பேசும் இடங்களுள் எத்தனை நமக்குச் சொந்தமானவை? அந்த விசுவாசிகளின் இழப்பை வரலாறாக எழுதுகையில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.