மொய்யா, கூலியா? ஆர்தர் கூல்டின் வீடும் ரக்பியின் அமெச்சூர் விதியும்

1897 ஏப்ரல் 19, ஈஸ்டர் திங்கள்கிழமை. வேல்ஸின் துறைமுக நகரமான நியூபோர்ட்டின் டிரில் ஹாலில் ஒரு விருந்து. அந்த மேடையில் ரக்பி ஆட்டக்காரர் ஒருவரின் கையில் ஒரு வீட்டுப் பத்திரம் தரப்பட்டது. வீட்டின் பெயர் தார்ன்பரி. பெற்றுக்கொண்டவர் ஆர்தர் கூல்ட், வேல்ஸ் அணியின் தலைவர். ஆட்டத்திற்காக ஒரு காசும் வாங்கக் கூடாது என்ற அமெச்சூர் விதிதான் அன்றைய ரக்பி யூனியனின் அடிப்படை. அப்படியிருக்க, பத்திரத்தைக் கொடுத்தவரே வேல்ஸ் ரக்பியை நடத்திய வேல்ஷ் ஃபுட்பால் யூனியனின் தலைவர்தான். விதியைக் காக்க வேண்டிய கையே அதை எப்படி மீறியது? கூல்டின் ஆட்ட வாழ்க்கையைத் தொடர்ந்து போனால் இதற்கு விடை கிடைக்கும்.

கூல்ட் 1864 அக்டோபர் 10 அன்று நியூபோர்ட்டில் பிறந்தார். தந்தை பித்தளை வார்ப்படப் பட்டறை வைத்திருந்தவர். மகன்கள் எல்லாரும் ரக்பி ஆடினார்கள். ஆர்தருடன் பாப், பெர்ட் ஆகிய சகோதரர்களும் வேல்ஸுக்காக ஆடினார்கள். சிறு வயதில் மரம் ஏறுவதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்குக் 'குரங்கு' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை போகவில்லை.

1882 நவம்பரில் நியூபோர்ட் அணிக்குக் கடைசி ஆளான ஃபுல்பேக் கிடைக்காமல் போகவே, பதினெட்டு வயதுப் பையன் அவசரத்துக்கு இறக்கப்பட்டான். ஃபுல்பேக்கின் வேலை பந்தை உதைத்து அனுப்புவது. 'உதை, ஆர்தர், உதை' என்று அணித்தலைவர் கத்திக்கொண்டே இருக்க, பையன் பந்தை அணைத்தபடி ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் அதை ஊன்றி, இரண்டு 'ட்ரை' போட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவரை அணியிலிருந்து நீக்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. 1885இல் இங்கிலாந்துக்கு எதிராக முதன்முதலாக வேல்ஸ் அணியில் இடம்பெற்றார்.

வரலாற்று நூல்கள் கூல்டை நான்கு த்ரீ-குவார்ட்டர் முறையின் நாயகர் என்று கொண்டாடுகின்றன. இதில் ஒரு முரண் உண்டு. முன்னால் ஒன்பது பேர், பின்னால் பந்தோடு ஓடும் மூன்று த்ரீ-குவார்ட்டர் என்றிருந்த அமைப்பை எட்டும் நான்குமாக மாற்றியது 1880களின் நடுவில் கார்டிஃப் கழகம். 1886இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக வேல்ஸ் இதை முதன்முதலாகச் சோதித்தபோது, ஆட்டத்தின் நடுவே கூல்டை ஃபுல்பேக் இடத்துக்குத் தள்ளினார்கள். வேல்ஸ் தோற்றது. கூல்டுக்கும் அம்முறை பிடிக்கவில்லை. பிடிக்காததையே பின்னர் எல்லாரையும்விடத் திறமையாக ஆடிக் காட்டினார்.

அதன் உச்சம் 1893 ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டம். உறைபனியால் மைதானம் கல்லாகிக் கிடந்தது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதென்று இரவெல்லாம் திடல் முழுக்கக் கரி அடுப்புகளை மூட்டி வைத்தார்கள். மறுநாள் பனி உருகி, சேறும் சாம்பலும் கலந்த தரையில் இரு அணிகளும் இறங்கின. முற்பாதியில் வேல்ஸ் பின்தங்கியது. பிற்பாதியில் கூல்ட் இரண்டு ட்ரை போட்டார். இறுதியில் வேல்ஸ் ஃபுல்பேக் பில்லி பேன்கிராஃப்ட், தலைவர் கூல்ட் சொன்னபடி பந்தைத் தரையில் வைத்து உதைக்காமல், தன் விருப்பப்படி அதைக் கையிலிருந்து விட்டுத் துள்ளும்போது உதைக்கும் டிராப்-கிக் அடித்துப் பெனால்டி கோல் எடுத்தார். முடிவு 12-11. பத்து வருடங்களுக்கு முன் தலைவர் பேச்சைக் கேட்காதவருக்கு இப்போது தன் பேச்சைக் கேட்காத ஓர் ஆள் வாய்த்தது நல்ல வேடிக்கை. அந்தப் பருவத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் வென்று வேல்ஸ் தன் முதல் 'டிரிபிள் கிரவுன்' பெற்றது. மற்ற நாடுகளும் நான்கு பேர் முறைக்கு மாறின. மறு ஆண்டே இங்கிலாந்து அம்முறையில் ஆடி 24-3 என வேல்ஸை வீழ்த்தியது.

இதே காலத்தில் வடக்கு இங்கிலாந்தில் வேறொரு புயல். ஆட்டத்துக்காக வேலைநாளை இழக்கும் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியையாவது கொடுங்கள் என்ற தீர்மானம் 1893இல் லண்டனில் இங்கிலாந்து ரக்பி யூனியன் கூட்டத்தில் 282-136 என்ற வாக்கில் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்குக் கழகங்கள் கூடி, தனியாக நார்தர்ன் யூனியன் அமைத்தன. பிற்கால ரக்பி லீகின் தொடக்கம் அதுதான். அதே ஆண்டில், அமெச்சூர் என்று பெயர் கொண்ட கிரிக்கெட் ஆட்டக்காரரும் மருத்துவருமான டபிள்யூ. ஜி. கிரேஸுக்குப் பொதுமக்களிடம் 9,000 பவுண்டுக்கும் மேல் திரட்டித் தந்தார்கள். அது கனவான்களின் கண்ணை உறுத்தவில்லை.

1896இல் கூல்டுக்கு நிதி திரட்டத் தொடங்கியவர்களும் கிரேஸுக்குச் செய்ததுபோல ஷில்லிங் ஷில்லிங்காகத்தான் கேட்டார்கள். வேல்ஷ் யூனியன் தன் பங்காக ஆயிரம் ஷில்லிங், அதாவது 50 பவுண்டு எழுதியது. நம் வழக்கில் சொன்னால் இது ஊர் கூடி எழுதிய மொய். சர்வதேச ரக்பி வாரியத்துக்கோ அது கூலியாகப் பட்டது. வாரியம் அந்த நிதிக்குத் தடை போட்டதும், 1897இல் வேல்ஸ் வாரியத்தை விட்டே வெளியேறியது. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அவ்வாண்டு வேல்ஸுடன் ஆடவில்லை. ஜனவரியில் நியூபோர்ட்டில் இங்கிலாந்தை 11-0 என வென்ற ஆட்டமே கூல்டின் கடைசி சர்வதேச ஆட்டமாயிற்று.

1898இல் சமரசம் வந்தது. கூல்ட் இனி வேல்ஸுக்கு ஆடுவதில்லை. வீடு அவரிடமே இருக்கும். வேல்ஸ் வாரியத்துக்குத் திரும்பும். இங்கிலாந்து யூனியன் இதை 'விதிவிலக்கான சூழ்நிலை' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வடக்கை ஏற்கெனவே இழந்தாயிற்று. உலோகத் தொழிலாளரும் நிலக்கரித் தொழிலாளரும் ஆடும் தென் வேல்ஸும் நார்தர்ன் யூனியன் பக்கம் சாய்ந்தால் மிஞ்சுவது என்ன? கொள்கை என்று பேசப்பட்டது, வலுவான எதிராளி முன் பேரமாக மாறியது என்பதே என் முடிவு.

சாதாரணத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. ஸ்வான்சீயின் செம்பு ஆலைத் தொழிலாளர்களான டேவிட், எவன் ஜேம்ஸ் சகோதரர்கள் பணம் வாங்கியதற்காக விலக்கப்பட்டு வடக்கே போனார்கள். மன்னிக்கப்பட்டுத் திரும்பி, 1899இல் இங்கிலாந்தை 26-3 என நொறுக்கிய அணியில் ஆடினார்கள். சில வாரங்களில் மறுபடி வடக்கே கிளம்பிவிட்டார்கள், இம்முறை குடும்பத்தோடு. அவர்களுக்கு யாரும் வீட்டுப் பத்திரம் நீட்டவில்லை.

கூல்டைத் தியாகி என்றும் சொல்ல முடியாது, பேராசைக்காரர் என்றும் சொல்ல முடியாது. ஊர் தந்ததை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு பீர் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாக வேலை பார்த்து, 1919 ஜனவரி 2 அன்று 54 வயதில் காலமானார். ஆடிய 27 சர்வதேச ஆட்டங்களில் 18இல் வேல்ஸ் தலைவராக இருந்தது நெடுங்காலச் சாதனை. 1994இல்தான் இயூவான் எவன்ஸ் அதை முறியடித்தார். அடுத்த ஆண்டு, 1995 ஆகஸ்ட் 26 அன்று, பாரிஸில் சர்வதேச ரக்பி வாரியம் அமெச்சூர் விதியை நீக்கியது.