ஹோ பிங்-தி (1917–2012)

மிங், சிங் வம்சங்களின் காலத்துச் சீன சமூகத்தை ஆராய்ந்த சரித்திராசிரியர். தியன்ஜின் நகரில் பிறந்து, 1938இல் சிங்ஹுவா சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற இவர், பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா செலுத்திய நஷ்டஈட்டுப் பணத்தில் அமைந்த உபகாரச் சம்பளப் பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறி, 1945இல் அமெரிக்கா சென்றார். கொலம்பியா சர்வகலாசாலையில் 1952இல் இவருக்கு டாக்டர் பட்டம் அளித்த ஆராய்ச்சியோ, பிரிட்டனின் நிலப் பிரச்சினையைப் பற்றியது.

1948 முதல் 1963 வரை கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் பணியாற்றியபோதே இவருடைய தலைசிறந்த நூல்கள் இரண்டும் வெளிவந்தன. சீன ஜனத்தொகையைப் பற்றிய 1959ஆம் ஆண்டு நூலில், அரசாங்க ஏடுகளில் 'திங்' என்று குறிக்கப்பட்ட எண்களை வயது வந்த ஆடவரின் தொகையென நம்பிக் கணக்கிட்டு வந்த அறிஞர்களை மறுத்து, பெரும்பாலும் அவை வரி விதிப்புக்குரிய அலகுகளே என்று நிறுவினார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும், நெல்லுக்கு உதவாத மலைச்சரிவுகளைச் சாகுபடிக்குக் கொண்டுவந்து ஜனப்பெருக்கத்துக்குத் துணைநின்ற வரலாற்றையும் அந்நூல் விவரிக்கிறது.

1962இல் வந்த நூல், அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தேர்ந்த சீனப் பரீட்சை முறையைப் பற்றியது. உயர்தரப் பரீட்சையில் தேறிய ஒவ்வொருவருக்கும் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோர் பெற்ற பட்டமும் வகித்த உத்தியோகமும் இன்னவை என்று பட்டியல்களில் பதிந்து வைப்பது அக்கால வழக்கம். அவ்வாறு 1371 முதல் 1904 வரை தேறியவர்களுள் 12,000க்கு மேற்பட்டோரின் குடிவழியை ஆராய்ந்த இவர், மிங் காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்று தலைமுறையிலும் பட்டதாரி இல்லாத குடும்பத்தினர் என்றும், சிங் காலத்தில் அப்பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிற்று என்றும் கண்டார். தாமே பரீட்சையின் படியேறி வந்தவர் ஆதலின் அம்முறையிடம் இவருக்கு ஓரளவு பரிவு இருந்திருக்கலாம். சிற்றப்பன், மாமன், சம்பந்தி ஆகியோரின் செல்வாக்கை நேர் மூதாதையரின் பட்டியல் காட்டாது என்ற பிற்காலத்தாரின் ஆட்சேபம் வலுவானதே. எனினும், ஆட்சேபித்தவர்களும் இவர் திரட்டிய புள்ளிகளை விலக்கிவிட்டு மேற்செல்ல இயலவில்லை.

1963இல் சிகாகோ சர்வகலாசாலைக்கு மாறி 1987 வரை போதித்த இவர், 1975–76இல் அமெரிக்காவின் ஆசிய ஆராய்ச்சிச் சங்கத்துக்குத் தலைவரானார். ஓய்வு பெற்ற பின்னரும் வாதத்திலிருந்து ஒதுங்கினாரல்லர். மஞ்சூ அரசர்கள் சீனப் பண்பாட்டைத் தழுவியதே சிங் ஆட்சியின் வெற்றிக்குக் காரணம் என்ற இவருடைய பழைய கொள்கையை சரித்திராசிரியர் ஈவ்லின் ராவ்ஸ்கி மறுத்தபோது, எண்பது வயதைக் கடந்த இவர் 1998இல் நீண்டதொரு கட்டுரையால், மரியாதைக்கும் சற்றே மிஞ்சிய சீற்றத்துடன் விடையிறுத்தார். 2012 ஜூனில் கலிபோர்னியாவிலுள்ள இர்வைனில் காலமானார்.