அளவுகோலும் அமானிதமும்: பிள்ளைகளின் அறிவாற்றலைச் சோதித்த வரலாறு

பிள்ளைகளின் அறிவாற்றலை மதிப்பிடுதல் என்றதும் இருபதாம் நூற்றாண்டின் உளவியல் ஆய்வுகூடமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றது. எனினும், ஒரு பிள்ளையின் விவேகத்தை முறைப்படி சோதித்தறிய வேண்டிய தேவை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தோன்றிய இரு மரபுகளை இங்கு நாம் அருகருகே வைத்து நோக்குகின்றோம். ஒன்று, அநாதைகளின் சொத்துத் தொடர்பாக இஸ்லாமிய சட்டத்துறையில் வளர்ந்தது. மற்றையது, 1905இல் பாரிஸில் தோன்றி ஐக்கிய அமெரிக்காவில் உருமாறியது. சோதனையின் முடிவைக் கொண்டு பிள்ளைக்கு என்ன செய்யப்பட்டது என்பதே இவ்வொப்பீட்டில் எமது கவனத்துக்குரிய வினாவாகும்.

ஸூரா அந்நிஸாவின் ஆறாவது வசனம், அநாதைகளைத் திருமண வயதை அடையும் வரை சோதித்து வருமாறும், அவர்களிடம் 'ருஷ்து' எனும் விவேகம் புலப்படின் அவர்களது சொத்துக்களை அவர்களிடமே ஒப்படைக்குமாறும் பொறுப்பாளர்களைப் பணிக்கின்றது. இக்கட்டளையை நடைமுறைப்படுத்த முனைந்த புகஹாக்கள் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியிருந்தது. ருஷ்து என்பது யாது? அதனை எவ்வாறு சோதிப்பது? மார்க்க ஒழுக்கமும் பொருளைப் பேணும் திறனும் ஒருங்கே அமைதலே ருஷ்து என இமாம் ஷாபிஈ கருதினார். பொருளைச் சீராக நிர்வகிக்கும் திறனே போதுமானது என்பது ஏனைய இமாம்களின் நிலைப்பாடாகும்.

சோதிக்கும் முறை பற்றி ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி தமது 'மின்ஹாஜ்' நூலில் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வணிகனின் பிள்ளை கொடுக்கல் வாங்கலிலும் விலை பேசுவதிலும் சோதிக்கப்படும். விவசாயியின் பிள்ளை பயிர்ச்செய்கையிலும் வேலையாட்களுக்கான செலவிலும் சோதிக்கப்படும். கைவினைஞனின் பிள்ளைக்கு அவனது தொழிலே களமாகும். பெண்பிள்ளை நூல் நூற்பதிலும், உணவுப் பண்டங்களைப் பூனையிடமிருந்து காப்பது போன்ற வீட்டுக் காரியங்களிலும் சோதிக்கப்படுவாள். சோதனை ஒரு தடவையுடன் முடிந்துவிடலாகாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நிகழ்தல் வேண்டும். பருவ வயதை அடையும் முன்னரே அது தொடங்க வேண்டும் என்பதே அவர் ஏற்ற கருத்தாகும். பிள்ளை விலை பேசும். ஒப்பந்தத்தைப் பொறுப்பாளரே முடித்து வைப்பார். இதனால் சோதனையில் நிகழும் தவறு பிள்ளையின் சொத்தைப் பாதிப்பதில்லை.

இவ்வேற்பாட்டின் எல்லைகளையும் நாம் மறந்துவிடலாகாது. அது சோதித்தது பொருளைக் கையாளும் விவேகத்தை மாத்திரமே. ஆண், பெண் பிள்ளைகளுக்கான பணிகளை அக்காலச் சமூகம் வகுத்த முறையிலேயே அது பிரித்து நோக்கியது. சோதனையில் தேறாத பிள்ளையின் சொத்து பொறுப்பாளரின் கையிலேயே தங்கிவிடும் ஆபத்தும் இருந்தது. இமாம் அபூ ஹனீபா அதற்கும் ஓர் எல்லை வகுத்தார். இருபத்தைந்து வயதை அடைந்தவரிடம் அவரது சொத்தை ஒப்படைத்தேயாக வேண்டும் என்பது அவரது தீர்ப்பாகும். பெரியவரின் கையிலுள்ள அமானிதம் உரியவரைச் சென்றடைவதே இச்சோதனையின் இலக்காக விளங்கியது.

இனி மற்றைய மரபுக்கு வருவோம். பிரான்ஸில் 1882இல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து, பாடங்களைப் பின்பற்ற இயலாத பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களது நிலையை ஆராய 1904இல் கல்வி அமைச்சு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதில் அங்கம் வகித்த உளவியலாளர் அல்பிரட் பினே (1857–1911), ஆசிரியரின் விருப்பு வெறுப்போ மருத்துவரின் அவசர முடிவோ பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதைக் கண்டு அதிருப்தியுற்றார். முன்னர் தலையின் சுற்றளவுக்கும் அறிவுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து அதில் நம்பிக்கை இழந்திருந்த அவர், தமது இரு புதல்வியரையும் வீட்டிலேயே நீண்ட காலம் அவதானித்த அனுபவமும் கொண்டிருந்தார்.

பினேயும் மருத்துவர் தியோடர் சிமோனும் 1905இல் வெளியிட்ட அளவுகோல் முப்பது பணிகளைக் கொண்டது. எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்வதில் தொடங்கி, நுண்பொருட் சொற்களின் வேறுபாட்டை விளக்குவது வரை அவை படிப்படியாகக் கடினமாயின. 1908இல் அவை வயதுவாரியாக வகுக்கப்பட்டன. மூன்று வயதுப் பிள்ளை தன் மூக்கையும் கண்களையும் வாயையும் சுட்டிக்காட்டும் என்பது அதன் தொடக்கப் படிகளில் ஒன்றாகும்.

பினே தம் அளவுகோலின் வரம்பை நன்கறிந்திருந்தார். நீளத்தை அளப்பது போன்று நுண்ணறிவை அளக்க முடியாது என அவர் வலியுறுத்தினார். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது, அதனைக் கூட்ட இயலாது என்போரை 1909இல் வெளியான நூலில் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்க்கும் பயிற்சிகளை அவர் 'உளச் சீராக்கம்' எனும் பொருள்படும் பெயரால் அழைத்தார். அசையாது சிலை போல் நிற்கும் விளையாட்டும் அவற்றுள் ஒன்றாகும். யாருக்கு எவ்வுதவி தேவை என்பதை அறியவே அவரது சோதனை வகுக்கப்பட்டது.

அவர் மறைந்த மறு ஆண்டில், ஜேர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டேர்ன், உளவயதை உண்மை வயதால் வகுத்து 'நுண்ணறிவு ஈவு' என்ற கருத்தை முன்வைத்தார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டேர்மன் 1916இல் அவ்வீவை நூறால் பெருக்கி, பினேயின் அளவுகோலைத் திருத்தி வெளியிட்டார். பினேயின் சோதனையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய ஹென்றி கொடார்டும் டேர்மனும் நுண்ணறிவைப் பரம்பரையாக வரும், பெரிதும் மாறாத ஒன்றாகக் கருதினர். குறைந்த எண்ணைப் பெற்றோர் பிள்ளை பெறுவதைத் தடுத்தல் சமூகத்துக்கு நன்மை பயக்கும் என்ற எண்ணமும் அவர்களது எழுத்துக்களில் இடம்பெற்றது. உதவி தேவைப்படுவோரைத் தேடிய கருவி, விலக்கப்பட வேண்டியோரைத் தேடும் கருவியாயிற்று.

இதன் விளைவை வெர்ஜீனியா மாநிலத்தின் ஒரு குடும்பத்தில் காணலாம். வளர்ப்புக் குடும்பமொன்றில் வாழ்ந்த கெரி பக் எனும் இளம்பெண், 1924இல் மணமாகாத நிலையில் விவியன் எனும் பெண் குழந்தையைப் பெற்றார். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினர் ஒருவரின் வன்முறையே அதற்குக் காரணம் என அவர் பின்னர் கூறினார். தம் தாய் ஏற்கனவே அடைக்கப்பட்டிருந்த அரச நிலையத்துக்கே அவரும் அனுப்பப்பட்டார். பினே சோதனையின் அமெரிக்க வடிவம் கெரிக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் உளவயதே உண்டெனக் காட்டியது. அவர் ஆறாம் வகுப்பு வரை முறையாகக் கற்றவர் என்பது பொருட்படுத்தப்படவில்லை. எட்டு மாதம் நிறையாத விவியனின் தோற்றம் இயல்பானதாக இல்லை என ஒரு சமூகசேவை அலுவலர் சாட்சியமளித்தார். இக்குறைபாடு மூன்று தலைமுறைகளாகத் தொடர்வதாகக் கொண்டு, ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் கெரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. எட்டு நீதிபதிகள் இசைய, ஒருவர் மாத்திரமே மாறுபட்டார். விவியனோ பாடசாலை சென்றாள். 1931இல் சிறப்பு மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். மறு ஆண்டில், எட்டு வயதில், நோயுற்று மறைந்தாள்.

பிற்கால ஆய்வுகள் 'மாறாத நுண்ணறிவு' என்ற நம்பிக்கையை வெகுவாக ஆட்டங்காணச் செய்தன. 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரிப் பெறுபேறு ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததை ஜேம்ஸ் பிளின் 1984இல் எடுத்துக்காட்டினார். அத்துணைக் குறுகிய காலத்தில் பரம்பரை இயல்பு மாறுவதில்லை. வாழ்க்கைச் சூழலே மாறியிருத்தல் வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையின் அடிப்படையில் தனி வகுப்புகளுக்கு ஒதுக்கும் வழக்கத்தை 1979இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றமொன்று தடுத்தது. இந்தியாவில் வி. வி. காமத், கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கேற்ப பினேயின் அளவுகோலைத் திருத்தியமைத்தார். மொழியும் சூழலும் மாறும்போது வினாவும் மாறியாக வேண்டும் என்பதற்கு அதுவே சான்றாகும். வணிகனின் பிள்ளையை ஏரைக் கொண்டு சோதிக்காத பழைய புகஹாக்களின் நிதானம் இங்கு நினைவுக்கு வருகின்றது.

சோதனைகளை முற்றாக ஒதுக்கிவிடுவது எமது கருத்தன்று. கற்றலில் இடர்ப்படும் பிள்ளையை உரிய வேளையில் இனங்காண, தேர்ந்தவர் கையில் அவை இன்றும் துணைபுரிகின்றன. ஆயின், ஓர் அறிக்கை பெற்றோரின் அல்லது ஆசிரியரின் கைக்கு வரும்போது மூன்று வினாக்கள் கேட்கப்படுதல் வேண்டும். இப்பிள்ளை தனக்குப் பழக்கமான மொழியிலும் சூழலிலும் சோதிக்கப்பட்டதா? சோதனை மீளவும் நிகழுமா? இம்முடிவின் பேரில் பிள்ளைக்கு வழங்கப்படவிருப்பது யாது? மூன்றாவது வினாவுக்கு விடையில்லாதவிடத்து, பெறப்பட்ட எண் எத்துணைத் துல்லியமாயினும், அதனைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதி வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றே நாம் கருதுகின்றோம்.